ஒன்பதாயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பது பிள்ளைகள் படித்த வீடு

தேசிய மாணவர் மதிப்பீட்டு இயக்ககத்தின் மூன்றாவது மாடியில், கழிவறைக்கும் ஒருங்கிணைப்புப் பிரிவுக்கும் நடுவே, ஒட்டுப்பலகைத் தடுப்புக்குள் ஒருவர் உட்கார்ந்திருந்தார். ஆறு மாதத்துக்கு என்று சொல்லித்தான் அவரை வேலைக்கு எடுத்தார்கள். அந்த ஆறு மாதம் பதினோரு வருடமாக நடந்துகொண்டிருந்தது. பெற்றோர் வைத்த பெயர் ஒன்று அவருக்கு இருந்தது. அதைச் சம்பளப் பிரிவுக்காரர் மட்டும் மாதம் ஒரு முறை படித்தார். மற்றவர்களுக்கு அவர் 'தற்காலிகம்'. "தற்காலிகத்தைக் கூப்பிடு", "தற்காலிகம் சாப்பிடப் போயிருக்கு" என்று சொல்லிச் சொல்லி, யாராவது உண்மைப் பெயரைச் சொல்லி அழைத்தால் திரும்பிப் பார்க்கவே அவருக்குச் சற்று நேரம் பிடித்தது.

இந்த வருடம் அவரை நிரந்தரமாக்கப் போகிறார்கள் என்று பேச்சு. கோப்பு இயக்குநரின் மேஜைவரை போய்விட்டது. 'இவருடைய பணியில் பிழை ஏதும் இல்லை' என்று இயக்குநர் ஒரு சான்றிதழ் தர வேண்டியதுதான் பாக்கி. அதற்காகவே கடைசியாக ஒரு வேலையைக் கொடுத்தார்: நாட்டிலுள்ள தனியார் பள்ளிகள் அத்தனைக்கும் ஒரு பட்டியல்.

பதினைந்து வயதுப் பிள்ளைகளுக்கு என்னென்ன தெரியும் என்று கண்டுபிடிக்க ஒரு தேர்வு வைக்கப் போகிறார்கள். எல்லாப் பள்ளியிலும் வைக்க முடியாது. ஐம்பது தனியார் பள்ளிகளைப் பொறுக்கி எடுக்க வேண்டும். பொறுக்குவதற்கு முதலில் முழுப் பட்டியல் கையில் இருக்க வேண்டும் அல்லவா? அதற்கு அங்கே 'சட்டகம்' என்று பெயர். யாராவது வாய்தவறிப் பட்டியல் என்று சொல்லிவிட்டால் இயக்குநரின் முகம் சுருங்கிவிடும்.

"பட்டியல் மளிகைக் கடையில இருக்கும். நம்மகிட்ட இருக்கிறது சட்டகம்," என்பார்.

தற்காலிகம் நான்கு துறைகளிடம் கேட்டு நான்கு பட்டியல்களை வாங்கினார். கல்வித் துறைப் பதிவேட்டில் இருநூற்றுத் தொண்ணூற்றேழு பள்ளிகள் இருந்தன. அவற்றில் இருபது எப்போதோ மூடப்பட்டு, ஒன்று கல்யாண மண்டபமாகவே ஆகிவிட்டிருந்தது. தனியார் பள்ளிகள் சங்கத்தில் சந்தா கட்டிய பள்ளிகள் மட்டும் இருந்தன. தீயணைப்புத் துறையில் முந்நூற்று நாற்பத்தொன்று. அதில் நீச்சல் கற்றுத்தருகிற இடமும், கார் ஓட்டப் பழக்குகிற இடமும், பெயர்ப்பலகையில் 'பள்ளி' என்ற சொல் இருந்த எல்லா இடமும் அடக்கம். குடிநீர் வாரியத்தில் ஒரே பள்ளி ஐந்து குழாய்களுக்காக ஐந்து முறை வந்திருந்தது. இவற்றை ஒன்றோடொன்று பொருத்தி, சந்தேகமான ஒவ்வொரு பள்ளிக்கும் போன் போட்டுக் கேட்டார்.

"உங்க பள்ளிக்கூடம் இன்னும் நடக்குதாங்க?"

"ஏன் கேக்கறீங்க? நீங்க யாரு? நடக்குதுன்னு சொன்னா என்ன ஆகும், நடக்கலைன்னு சொன்னா என்ன ஆகும்? அதைச் சொல்லுங்க மொதல்ல."

இப்படி மூன்று மாதம். கடைசியில் முந்நூற்றுப் பன்னிரண்டு பள்ளிகள், அவற்றில் பதினைந்து வயதுப் பிள்ளைகள் பன்னிரண்டாயிரத்து இருநூற்று இருபத்தொருவர் என்று வந்து நின்றது. இந்த எண்ணை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். தற்காலிகத்துக்கு அது கண்ணை மூடினாலும் தெரிந்தது.

வேலை தொடங்கிய முதல் நாளே ஒரு சின்னக் காரியம் செய்திருந்தார். புதிதாக ஒரு பட்டியலை அமைக்கும் யாரும் செய்வதுதான். கட்டங்கள் சரியாக வேலை செய்கின்றனவா என்று பார்க்க, முதல் வரியில் பொய்யாக ஒரு பள்ளியைப் போட்டுப் பார்ப்பது. பள்ளியின் பெயர் என்று கை போன போக்கில் 'அஆஇஈ' என்று அடித்தார். விலாசம் உண்மையாக இருந்தால்தான் கணினி ஏற்கும் என்பதால் தன் வீட்டு விலாசத்தையும், தொலைபேசிக்குத் தன் கைப்பேசி எண்ணையும் போட்டார். மாணவர் எண்ணிக்கைக் கட்டத்தில் நான்கு இலக்கம் கொள்ளுமா என்று பார்க்க 9999. கொண்டது. கடைசி நாளில் இந்த வரியை அழித்துவிடலாம் என்று விட்டு வைத்தார்.

கடைசி நாள் பிற்பகல் இரண்டு மணிக்கு, அழிக்கும் பொத்தானைத் தேடி விரல் போய்க்கொண்டிருந்தபோது, அரங்கில் நாற்காலி பற்றவில்லை என்று அவரைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

அரங்கில் 'சட்டக உறைநிலை விழா'. ஒரு சட்டகத்தை இனி மாற்றக்கூடாது என்று முடிவு செய்வதை இயக்ககத்தில் உறையவைத்தல் என்பார்கள். அன்று எல்லோரும் எழுந்து நிற்க வேண்டும். மூன்று அதிகாரிகள் மூன்று நிற மையில் கையெழுத்திட வேண்டும். பிறகு இயக்குநர் மொத்த எண்ணை உரக்கப் படிப்பார். படித்த கணத்திலிருந்து சட்டகம் உறைந்ததாக அர்த்தம்.

"தனியார் பள்ளிகள் முந்நூற்றுப் பதிமூன்று. மாணவர்கள் இருபத்திரண்டாயிரத்து இருநூற்று இருபது," என்று இயக்குநர் படித்தார்.

தற்காலிகம் அழிக்காமல் விட்ட அந்த ஒரு வரியும் அதில் சேர்ந்திருந்தது. கடைசி வரிசையில், தானே தூக்கி வந்து போட்ட நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டார். கைதட்டல் காதில் விழுந்தது. அது எங்கோ மழை பெய்வது போலிருந்தது.

"சென்ற கணக்கெடுப்பைவிட எண்பது விழுக்காட்டுக்கும் மேல் வளர்ச்சி!" என்றார் இயக்குநர். "இது எப்படி நடந்தது என்று கேட்பார்கள். நான் சொல்கிறேன். தலைமை சரியாக இருந்தால் எண்கள் தாமாகவே வளரும்."

மறுநாள் காலைச் செய்தித்தாள்களில் அந்த எண்பது விழுக்காடு முதல் பக்கத்தில் வந்தது. அமைச்சர் பாராட்டுக் கடிதம் அனுப்பினார். தற்காலிகம் இயக்குநரின் அறைக் கதவை மூன்று முறை தட்டப் போய், மூன்று முறை திரும்பி, நான்காம் முறை உள்ளே போய்விட்டார்.

"சார், சட்டகத்துல ஒரு சின்ன..."

"சின்ன என்ன?"

"ஒரு வரி சார். அதிகமா..."

இயக்குநர் பேனாவை மூடினார். அது மெதுவாகத்தான் மூடியது. தற்காலிகத்தின் காதில் அது படீர் என்று கேட்டது.

"இங்க பாருப்பா. நாட்டுல ஒரு பள்ளிக்கூடம் இருக்கலாம், இல்லாமலும் போகலாம். அது அதோட பிரச்சினை. சட்டகத்துல இருந்தா இருக்கு. நான் பச்சை மையில கையெழுத்துப் போட்டிருக்கேன். என் கையெழுத்துக்கு மேல தப்பு இருக்குன்னு நீ சொன்னா, தப்பு கையெழுத்துல இருக்கா, சட்டகத்துல இருக்கா, உன்கிட்ட இருக்கா? யோசிச்சுச் சொல்லு. உன் நிரந்தரக் கோப்பு இதோ, இங்கதான் இருக்கு."

தற்காலிகம் யோசித்தார். "என்கிட்டதான் சார்," என்று சொல்லிவிட்டு வெளியே வந்தார்.

அடுத்தது பொறுக்கி எடுக்கும் நாள். சட்டகத்திலுள்ள பிள்ளைகள் அத்தனை பேரையும், பள்ளி பள்ளியாக ஒரே நீள வரிசையில் நிறுத்தியதாக நினைத்துக்கொள்ளுங்கள். வரிசையில் ஏதோ ஓர் இடத்தில் ஏறி, நானூற்று நாற்பத்து நான்கு பிள்ளைக்கு ஓர் அடி என்று நடந்துகொண்டே போக வேண்டும். கால் எந்தப் பள்ளியின் பிள்ளைமேல் படுகிறதோ அந்தப் பள்ளி தேர்வாகும். எங்கே ஏறுவது என்பதைக் கணினி குருட்டுவாக்கில் சொல்ல வேண்டும். இயக்ககத்தில் அப்படி விட்டுவிடுவதில்லை. குருட்டுவாக்கான எண்ணைத் தேர்ந்தெடுக்க ஒரு குழு இருந்தது. அது மூன்று முறை கூடி, காரசாரமாக விவாதித்து, பெரும்பான்மை வாக்கில் ஏழு என்று முடிவு செய்தது.

சின்னப் பள்ளி என்றால் கால் தாண்டிப் போய்விடும். பத்தாயிரத்துக்கு ஒன்று குறைவான பிள்ளைகள் உள்ள பள்ளி எப்படித் தப்பும்? கணினித் திரையில் முடிவுகள் ஒவ்வொன்றாக வந்தன. அஆஇஈ. அஆஇஈ. அஆஇஈ. ஐம்பது அடியில் இருபத்துமூன்று அடி தற்காலிகத்தின் வீட்டின்மேல் விழுந்தது. யாரோ தன் நெஞ்சிலேயே ஏறி நடப்பது போல அவருக்கு மூச்சு முட்டியது.

"இருபத்துமூணு தடவை வருதுன்னா எவ்வளவு பெரிய பள்ளிக்கூடமா இருக்கும்!" என்று வியந்தார் ஒருங்கிணைப்பாளர் அம்மா. "பேரைப் பாருங்களேன். அஆஇஈ. எவ்வளவு மொழிப்பற்று!"

"விதிப்படி எத்தனை தடவை வந்தாலும் ஒரு தடவை தேர்வு வெச்சாப் போதும்," என்றார் இயக்குநர். "எழுதுற பிள்ளைங்க எழுதாத பிள்ளைங்களுக்கும் சேர்த்து எழுதினதா எடுத்துக்குவோம்."

அன்று மாலை நாலு மணிக்குத் தற்காலிகத்தின் கைப்பேசி அடித்தது. எடுத்தார். ஒருங்கிணைப்பாளர் அம்மாவின் குரல் கைப்பேசியிலிருந்தும் வந்தது, ஒட்டுப்பலகைத் தடுப்புக்கு அந்தப் பக்கமிருந்தும் வந்தது.

"வணக்கம், அஆஇஈ பள்ளிங்களா? முதல்வர் இருக்காரா?"

கையில் கிடைத்த கோப்பால் வாயை மூடிக்கொண்டு, மேஜைக்கு அடியில் குனிந்து, குரலைத் தடிமனாக்கி, "நான்தான்," என்றார். சொன்ன பிறகுதான் சொல்லியிருக்கக் கூடாது என்று உறைத்தது.

"வாழ்த்துகள் சார்! உங்க பள்ளி தேசிய மதிப்பீட்டுக்குத் தேர்வாகியிருக்கு."

"வேண்டாங்க. நாங்க கலந்துக்கல."

"மறுக்கலாம் சார். மூணு தடவை மறுக்கலாம். நாலாவது தடவை நேர்ல வந்துடுவாங்க."

"பள்ளிக்கூடமே இல்லைன்னா?"

அவர் ஏதோ காகிதத்தைப் புரட்டும் சத்தம் இரண்டு பக்கமிருந்தும் கேட்டது.

"இருக்கு சார், அதுக்கும் விதி இருக்கு. பள்ளி இல்லைன்னு பள்ளி முதல்வர் எழுதித் தரணும். பள்ளி முத்திரை வெச்சு. பெற்றோர் ஆசிரியர் கழகத் தீர்மானமும் இணைக்கணும்."

தற்காலிகம் போனை வைத்தார். ஒரு நிமிடம் கழித்து அந்த அம்மா தடுப்புக்கு மேலாக எட்டிப் பார்த்தார்.

"என்ன மேஜைக்குக் கீழ உட்கார்ந்திருக்கீங்க? சட்டையெல்லாம் நனைஞ்சிருக்கு?"

"பென்சில் விழுந்துடுச்சு மேடம்."

வீட்டிலும் நிம்மதி இல்லை. அழைப்பு மணி அடித்தாலே தூக்கிவாரிப் போட்டதால், அதன் பேட்டரியைக் கழற்றி அலமாரியில் வைத்துவிட்டார். ஜன்னல் திரைகளை இழுத்து மூடினார். பால்காரர் கதவைத் தட்டினால்கூட, விரலை உதட்டில் வைத்து மனைவியையும் மகளையும் அசையவிடாமல் நிற்கவைத்தார். அடுத்த தெருவிலுள்ள அரசுப் பள்ளியில் மகள் பத்தாம் வகுப்புப் படிக்கிறாள். பதினைந்து வயது. கால்பந்து ஆடிக் கணுக்காலைச் சுளுக்கிக்கொண்டு கட்டோடு வீட்டில் கிடந்தாள்.

"என்னப்பா ஆச்சு? யாருக்காவது ஏதாவது தரணுமா? யாராவது அடிக்க வராங்களா?"

"ஒண்ணுமில்ல. நீ படி."

"ஒண்ணுமில்லாததுக்கா இப்படிப் பேயறைஞ்ச மாதிரி இருக்கீங்க?"

"படின்னு சொல்றேன்ல!" என்று கத்திவிட்டார். அவளிடம் அவர் கத்தியதே இல்லை. அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

மனைவியிடம் மட்டும் அடுக்களையில் வைத்து எல்லாவற்றையும் கொட்டினார். மனைவி மருந்துக் கடையில் வேலை பார்ப்பவர். எந்த வியாதிக்கு எந்த மாத்திரை என்று சட்டெனச் சொல்லிவிடுவார். இதற்கு மட்டும் இரண்டு டம்ளரைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுத்தான் வாயைத் திறந்தார்.

"போய் உண்மையைச் சொல்லிடுங்களேன்."

"சொன்னா பதினோரு வருஷமும் போயிடும்."

"சொல்லலைன்னா?"

"தேர்வு வைக்க வீட்டுக்கு வருவாங்க."

மனைவி அவரையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "அப்போ நான் அந்தப் பள்ளிக்கூடத்துல என்னவா இருக்கேன்?" என்று கேட்டார். சிரிப்பதற்காகத்தான் கேட்டார். இரண்டு பேருக்கும் சிரிப்பு வரவில்லை.

மூன்று முறை மறுத்தாயிற்று. நான்காம் முறை, ஒரு புதன்கிழமை காலை பத்து மணிக்குக் கதவு தட்டப்பட்டது. காய்ச்சல் என்று விடுப்பு எடுத்திருந்த தற்காலிகம் கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவே போய் நின்றுகொண்டார். கதவைத் திறந்தது மனைவிதான். முத்திரையிட்ட பெட்டியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு ஒருவர் நின்றிருந்தார். இயக்ககம் தேர்வு நாட்களுக்கென்று ஒப்பந்தத்தில் எடுக்கும் தரக் கண்காணிப்பாளர்.

"அஆஇஈ பள்ளி?" என்று கேட்டுக்கொண்டே உள்ளே வந்தவர் குளிர்பதனப் பெட்டியைப் பார்த்தார். சலவைத் துணிக் குவியலைப் பார்த்தார். சோபாவில் காலை நீட்டிக் கிடந்த பெண்ணைப் பார்த்தார். அவர் முகத்திலும் மெல்ல மெல்ல ரத்தம் வற்றியது. தற்காலிகம் இதற்கு மேல் தாங்காமல் கட்டில் பக்கமிருந்து வெளியே வந்தார்.

"ஐயா, நான் உண்மையைச் சொல்லிடறேன்..."

"சொல்லாதீங்க!" கண்காணிப்பாளர் பதறிப்போய்ப் பெட்டியை முன்னால் நீட்டினார். "தயவுசெஞ்சு சொல்லாதீங்க. சொன்னா நான் எழுதணும். எழுத இந்தப் படிவத்துல இடமே இல்ல. பள்ளி சரியான நேரத்துக்குத் தொடங்கிச்சா, தாமதமாத் தொடங்கிச்சா, ரெண்டு கட்டம்தான் இருக்கு. போன வருஷம் ஒருத்தர் ஓரத்துல பேனாவால எழுதினாரு. அவரை இந்த வருஷம் கூப்பிடல. நான் ஒன்பது வருஷமா ஒப்பந்தம் சார். வீட்டுல ரெண்டு பிள்ளைங்க இருக்கு."

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். யாருக்குப் பயம் அதிகம் என்று சொல்வது கடினம்.

"சரியான நேரத்துக்குத் தொடங்கிச்சு," என்றார் மனைவி.

கண்காணிப்பாளர் நன்றியோடு டிக் அடித்தார். விளையாட்டுத் திடல் உண்டா என்ற கேள்விக்குத் துணி காயப்போட்டிருந்த பால்கனியை எட்டிப் பார்த்து, 'உண்டு, திறந்தவெளி' என்று எழுதினார். பிறகு குரலைத் தாழ்த்தி, "ஒரே ஒரு பிள்ளையாவது உட்காரணும். இல்லன்னா விசாரணைக் குழு வரும்," என்றார்.

எல்லோரும் சோபாவைப் பார்த்தார்கள்.

"நான் அரசுப் பள்ளியில படிக்கிறேன்," என்றாள் மகள்.

"நீ எதுவும் சொல்லாதம்மா," என்றார் கண்காணிப்பாளர், கெஞ்சாத குறையாக.

அவள் அப்பாவைப் பார்த்தாள். அவள் காலை ஸ்டூலில் தூக்கி வைத்துக்கொண்டு, வினாத்தாளை வாங்கி, இரண்டு மணி நேரம் எழுதினாள். அதன்பின் வீட்டைப் பற்றிய கேள்வித்தாள் ஒன்று இருந்தது, அதையும் நிரப்பினாள். கடைசிக் கேள்விக்கு மட்டும் சற்று யோசித்து, கையால் மறைத்துக்கொண்டு எழுதினாள். கண்காணிப்பாளர் அதை உறையிலிட்டு, அரக்கு வைத்து, பள்ளிக்கு முப்பத்தைந்து பேர் எழுத வேண்டும் என்ற கணக்குப்படி வந்தவர்: ஒன்று, வராதவர்: முப்பத்துநான்கு என்று குறித்துக்கொண்டு, செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் படியிறங்கி ஓடினார்.

அதற்குப் பிறகு ஐந்து மாதம். ஒவ்வொரு நாளும் அந்த ஒட்டுப்பலகைக்குள், இன்று கூப்பிடுவார்கள், இன்று கூப்பிடுவார்கள் என்று தற்காலிகம் காத்திருந்தார். எடை குறைந்தது. கழிவறைக் கதவு சாத்தும் சத்தத்துக்குக்கூட எழுந்து நின்றார். யாரும் கூப்பிடவில்லை. கூப்பிடாததுதான் அவரை அதிகம் பயமுறுத்தியது.

முடிவுகளை வெளியிடும் நாளும் வந்தது. அதே அரங்கு, அதே நாற்காலிகள். அமைச்சர் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். இயக்குநர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

"கணக்கு, அறிவியல் எல்லாம் அறிக்கையில் உள்ளது. நான் சொல்ல வந்தது வேறு. வீட்டில் படிப்புக்குத் தடையாக இருப்பது எது என்று பிள்ளைகளிடம் கேட்டோம். தனியார் பள்ளிப் பிள்ளைகளில் நூற்றுக்கு நாற்பத்தைந்து பேர் ஒரே பதிலைத் தந்திருக்கிறார்கள். கவனியுங்கள், ஒரே கருத்தை அல்ல, ஒரே வாக்கியத்தை! எழுத்து மாறவில்லை, புள்ளி மாறவில்லை. ஏறக்குறைய பத்தாயிரம் பிள்ளைகள் ஒரே வாக்கியத்தை எழுதுகிறார்கள் என்றால், நம் கல்வியின் தரம் எவ்வளவு சீராக இருக்கிறது என்று பாருங்கள்."

அரங்கு கைதட்டியது. இயக்குநர் காகிதத்தை உயர்த்தி வாசித்தார்.

"'அப்பா எதற்கோ பயந்துகொண்டே இருக்கிறார். ஏன் என்று கேட்டால் சொல்வதில்லை. அவரைப் பார்த்து எனக்கும் பயமாக இருக்கிறது.'"

தற்காலிகம் கடைசி வரிசையில் நின்றுகொண்டிருந்தார். இத்தனை மாதம் வேலை போய்விடும் என்று பயந்தார், சிறைக்குப் போக நேரும் என்றுகூடப் பயந்தார். இப்படி ஒரு வாக்கியம் வரும் என்று அவருக்குத் தோன்றியதே இல்லை. நாடே அதைக் கேட்டுக் கைதட்டிக்கொண்டிருக்க, அவருக்குக் கண் கலங்கிவிட்டது. சோபாவில் முகத்தைத் திருப்பிக்கொண்டு கிடந்த மகளின் முதுகுதான் நினைவில் வந்தது.

அமைச்சர் அங்கேயே எழுந்து அறிவித்தார். நாற்பத்தைந்து விழுக்காடு தந்தையர் பயத்தில் வாழ்வதை அரசு கைகட்டி வேடிக்கை பார்க்காது. 'அச்சமுற்ற தந்தையர் தேசிய மதிப்பீடு' உடனே தொடங்கப்படும்.

மறுநாள் காலை இயக்குநர் அவரைக் கூப்பிட்டு ஓர் உறையைக் கொடுத்தார். உள்ளே நிரந்தர ஆணை. 'பணியில் பிழை ஏதும் இல்லை' என்று பச்சை மையில் எழுதியிருந்தது.

"புது மதிப்பீட்டுக்கு சட்டகம் வேணும். நாட்டுல பயந்துபோன அப்பாக்கள் மொத்தம் எத்தனை பேரு, எங்கெங்க இருக்காங்க, ஒருத்தர் விடாம. நீதான் செய்யணும். உன் கை ராசியான கை."

அவர் ஒட்டுப்பலகைக்குள் திரும்பி வந்து புதிய பட்டியலைத் திறந்தார். முதல் வரியில் தன் வீட்டு விலாசத்தை அடித்தார். கைப்பேசி எண்ணையும் போட்டார். எண்ணிக்கைக் கட்டத்தில் ஒன்று என்று இட்டார்.

தடுப்புக்கு மேலாக ஒருங்கிணைப்பாளர் அம்மா எட்டிப் பார்த்தார்.

"முதல் வரி சும்மா போட்டுப் பார்த்ததா? கடைசியில மறக்காம அழிச்சிடுங்க."

"இல்ல மேடம். இது இருக்கட்டும்."

அந்த அம்மா உடனே போகவில்லை. இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, "அப்படின்னா ரெண்டாவது வரியில எங்க வீட்டுக்காரரைப் போட்டுக்குங்க. விலாசம் எழுதித் தரேன்," என்றார்.

செய்தி எப்படித்தான் பரவியதோ, மதியத்துக்குள் சம்பளப் பிரிவுக்காரர் வந்தார். அப்புறம் வாகன ஓட்டுநர், அப்புறம் சட்டகத்தில் கையெழுத்திட்ட மற்ற இரண்டு அதிகாரிகள். ஒவ்வொருவரும் வேறு ஏதோ கேட்க வந்தவர்போல வந்து, குனிந்து, விலாசத்தைச் சொல்லிவிட்டுப் போனார்கள். தரக் கண்காணிப்பாளரின் விலாசத்தைத் தற்காலிகம் தானே தேடி எடுத்துச் சேர்த்தார்.

ஐந்து மணிக்கு இயக்குநரே வந்தார். அந்த ஒட்டுப்பலகைக்குள் அவர் காலெடுத்து வைத்தது பதினோரு வருடத்தில் அதுதான் முதல் முறை. உட்கார நாற்காலி இல்லை. நின்றபடியே திரையைப் பார்த்தார். வரிகளை மேலிருந்து கீழாக மெதுவாகப் படித்தார். முதல் வரியில் அவர் கண் சற்று நின்றது. அஆஇஈ பள்ளியின் விலாசம்தான் அது என்று அவருக்குத் தெரிந்ததா என்று முகத்திலிருந்து கண்டுபிடிக்க முடியவில்லை.

"இதை எப்போ உறைய வைக்கலாம்?" என்று கேட்டார்.

"நீங்க சொல்றப்போ சார்."

இயக்குநர் கழுத்துப் பட்டையைத் தளர்த்திக்கொண்டார். பிறகு, வேறு யாருக்கும் கேட்காதபடி, "கடைசி வரியில என்னையும் போட்டுக்கோ. பேரு வேண்டாம். விலாசம் மட்டும்," என்றார்.

தற்காலிகம் போட்டுக்கொண்டார். அந்த மாடியில் இனி விடுபட்டவர் ஒருவரும் இல்லை. இயக்ககத்தின் வரலாற்றிலேயே ஒரு பிழைகூட இல்லாத சட்டகம் அது ஒன்றுதான். பையை எடுத்துக்கொண்டு கிளம்பினார். அலமாரியில் கிடக்கும் பேட்டரியைத் திரும்ப மாட்டுவதற்கு முன்பு, மகளிடம் என்ன சொல்லித் தொடங்குவது என்று வழியெல்லாம் யோசித்துக்கொண்டே போனார்.